மூணு பக்கமும் கடல் இருக்குற மும்பைல பாலிகா எதுக்கு ஸ்விம்மிங் பூல் கட்டணும்?

தாராவில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மும்பைக்கு மூணு பக்கமும் கடல், இதுல பாலிகா, அதான் மும்பை மாநகராட்சி, கோடிக்கணக்குல செலவு பண்ணி ஸ்விம்மிங் பூல், ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ்னு கட்டிட்டே போறது கடல்ல கரைச்ச பெருங்காயம்தானே, அந்த காசுல ரோட்டையும் பொதுக் கக்கூஸையும் சரி பண்ணலாமே, என் பையனுக்கு 8 வயசு, அவனை மாஹிம் பீச்சுக்கோ தாதர் சௌப்பாட்டிக்கோ கூட்டிட்டு போய் நானே கத்துக்குடுத்துட மாட்டேனா, அப்படின்னு.

நியாயமான கேள்விதான். நான் இந்த ஊர்ல பூல் ஃபில்டர் ப்ளாண்ட், பம்ப் ரூம் வேலைய ரொம்ப வருஷமா பாத்துட்டு இருக்கேன், செம்பூர்ல குடி, அதனால பம்ப் ரூம் பக்கத்துல இருந்து சொல்றேன். முதல்லயே சொல்லிடறேன், பூல் வேணும். ஆனா பேப்பர்ல ஃபோட்டோ போட்டு திறப்பு விழா நடத்தற மாதிரி பெரிய பூல்தான் வேணுமாங்கறது வேற கேள்வி. எல்லாரும் கட்டறதுக்கு எத்தனை கோடின்னுதான் கேக்கறாங்க, பத்தாவது வருஷம் கரண்ட் பில் யாரு கட்டுவாங்க, அந்த பத்து வருஷத்துல உள்ள இறங்கினது யாருன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. நான் பாத்த வரைக்கும் காசு வீணாப் போற இடம் அதுதான்.

முதல்ல கடல். நம்ம ஆளுங்க நிறைய பேர் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துல இருந்து வந்தவங்க, அங்க கிணத்துலயும் தாமிரபரணிலயும் இடுப்புல கயிறு கட்டி, சுரைக்குடுக்கைய கட்டி தள்ளிவிட்டு கத்துக்குடுத்தாங்க, அது ஞாபகத்துல இருக்கறதால "தண்ணி இருந்தா போதும், தானா வந்துரும்"னு ஒரு நெனப்பு. கிணத்துத் தண்ணி ஒரே இடத்துல நிக்கும், மேல படிக்கட்டுல மாமா உக்காந்திருப்பார். மாஹிம் கடல் அப்படியா? மாஹிம் விரிகுடாவுலதான் மிட்டி நதி வந்து கலக்குது, மிட்டில என்னென்ன வருதுன்னு தாராவில இருக்கறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. குளிக்கறதுக்கும் தண்ணி விளையாட்டுக்கும் ஏத்த கடல்தண்ணின்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு வகுப்பு வெச்சிருக்கு, எஸ்டபிள்யூ-2ன்னு பேர், அதுல 100 மில்லி தண்ணில மலக்கிருமி எண்ணிக்கை 100க்குள்ள இருக்கணும். நம்ம ஊர் கழிவுநீர்ல பெரும் பகுதி வொர்லிலயும் பாந்த்ராலயும் குழாய் போட்டு கடலுக்குள்ள விடறதுதான். 7 இடத்துல புது ட்ரீட்மென்ட் ப்ளாண்ட், மொத்தம் ஒரு நாளைக்கு 246 கோடி லிட்டர் சுத்தம் பண்ற அளவுக்கு, 2023 ஜனவரில அடிக்கல் நாட்டினாங்க, தாராவி ப்ளாண்ட்டும் அதுல ஒண்ணு. அதெல்லாம் முழுசா ஓடி, ஓடைல நேரா விழற சாக்கடையும் நின்னாத்தான் மாஹிம்ல பையன் வாய்க்குள்ள தண்ணி போறதப் பத்தி யோசிக்கலாம். நீச்சல் கத்துக்கற புள்ள வாயத் திறந்து தண்ணி குடிக்காம கத்துக்கவே முடியாது, அத மறந்துடாதீங்க.

அடுத்தது ஓதம், அதான் கடல் ஏத்த இறக்கம். மழைக்காலத்துல 4.5 மீட்டருக்கு மேல ஹை டைட் வர்ற நாள்னு பாலிகா வருஷா வருஷம் லிஸ்ட் போடுது, பேப்பர்ல வரும். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் தண்ணி ஏறி, அடுத்த ஆறு மணி நேரம் இறங்கற கரைல, காலைல நின்ன இடம் மத்தியானம் நிக்க முடியாத இடம். கிர்காவ், தாதர், ஜூஹு, வெர்சோவா, அக்ஸா, கோராய்னு 6 பீச்சுல லைஃப்கார்டு போட்டிருக்காங்க, அக்ஸா பேர் சொன்னாலே மலாட் ஆளுங்க முகம் சுருங்கும், அத்தனை உயிர் போயிருக்கு. 2023 ஜூன்ல பிபர்ஜாய் புயல் சமயத்துல ஜூஹுல இறங்கின சின்னப் பசங்க உயிர் போனது எல்லாருக்கும் தெரியும். கோலிவாடா, அதாவது கோலி மீனவர் குடியிருப்பு, புள்ளைங்களுக்கு கடல் பழக்கம்னு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா அந்தப் பழக்கத்துல பாதி எப்ப கடல்ல இறங்கக்கூடாதுன்னு தெரியறதுதான், அத நீங்களும் நானும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பையன கூட்டிட்டு போய் சொல்லித்தர முடியாது.

உலக சுகாதார நிறுவனம் தண்ணில மூழ்கி சாவறதத் தடுக்க சொல்ற வழிகள்ல, ஸ்கூல் வயசுப் புள்ளைங்களுக்கு அடிப்படை நீச்சலும் தண்ணி பாதுகாப்பும் சொல்லித்தர்றது முக்கியமான ஒண்ணு. 2021லேருந்து ஜூலை 25ஐ இதுக்குன்னே ஒரு நாளா ஐநா வெச்சிருக்கு. இந்தியால வருஷத்துக்கு 30 ஆயிரத்துக்கு மேல ஆளுங்க தண்ணில மூழ்கி சாவறதா தேசிய குற்றப் பதிவுத் துறை கணக்கு சொல்லுது. டெங்குக்கு மருந்தடிக்கறத வேஸ்ட்னு யாரும் சொல்றதில்ல, பூலை மட்டும் ஆடம்பரம்ங்கறோம், ஏன்னா நம்ம கண்ணுல பூல்னா ஃபைவ் ஸ்டார் ஹோட்டலும் ப்ரீச் கேண்டில இந்தியா மேப் ஷேப்ல இருக்குற அந்த க்ளப் பூலும்தான்.

கடலோர ஊர்னா நல்ல ஸ்விம்மர் தானா வருவாங்கன்னு நெனைக்கறவங்களுக்கு இன்னொண்ணு. நாட்டுல போட்டி நீச்சலுக்கு தலைநகரம் மாதிரி இருக்கறது பெங்களூரு, கடலுக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட முன்னூறு கிலோமீட்டர். ஒலிம்பிக் ஸ்விம்மர் ஸ்ரீஹரி நட்ராஜ் அந்த ஊரு. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுல 50 மீட்டர் பட்டர்ஃப்ளைல வெண்கலம் வாங்கி, 1986 கஜான் சிங்குக்கு அப்புறம் நீச்சல்ல வராத மெடலக் கொண்டுவந்த வீர்தவல் காடே கோலாப்பூர் பையன், அங்கயும் கடல் கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஏ கட் டைம் அடிச்சு நேரா தகுதி வாங்கின முதல் இந்திய ஸ்விம்மர் சஜன் பிரகாஷ், 2021 ஜூன்ல ரோம்ல 200 மீட்டர் பட்டர்ஃப்ளை 1 நிமிஷம் 56.38 செகண்ட், அவரு வளந்தது நம்ம நெய்வேலில, அம்மா என்எல்சில வேலை. நிலக்கரி தோண்டற ஒரு அரசு கம்பெனி தன் டவுன்ஷிப்புக்குள்ள பூலும் க்ரவுண்டும் கட்டி வெச்சதால ஒரு புள்ள ஒலிம்பிக் வரைக்கும் போனான். பொதுக்காசு என்ன பண்ணும்னு கேட்டா நான் முதல்ல சொல்றது நெய்வேலிதான்.

சரி, இப்ப காசுக்கு வரேன். இங்கதான் நான் பாலிகாவ ஆதரிச்சும் பேசுவேன், சண்டையும் போடுவேன்.

ஒலிம்பிக் சைஸ் பூல்னா 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். ஆழம் குறைஞ்சது 2 மீட்டர்னு வெச்சாலே 2,500 கன மீட்டர், அதாவது 25 லட்சம் லிட்டர். இந்த மொத்தத் தண்ணியும் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஃபில்டர் வழியா போய் திரும்பி வரணும்னு வெச்சுக்குங்க, மணிக்கு 400 கன மீட்டருக்கு மேல பம்ப் தள்ளணும். பைப் உரசல், சேண்ட் ஃபில்டர் தடை எல்லாம் சேத்து 20 மீட்டர் ஹெட் (பம்ப் தண்ணிய தூக்கித் தள்ள வேண்டிய உயரக் கணக்கு) போட்டா மோட்டார் கிட்டத்தட்ட 32 கிலோவாட் இழுக்கும். ராத்திரி பகல் ஓடினா ஒரு நாளைக்கு 780 யூனிட். யூனிட் 10 ரூபான்னு போடுங்க, வருஷத்துக்கு 28 லட்சம், சர்க்குலேஷன் பம்புக்கு மட்டும். லைட்டு, ஷவர், க்ளோரின், ஆசிட், லைஃப்கார்டு, ஆபரேட்டர், க்ளீனிங் எல்லாம் இதுக்கு மேல. இது என் கைக்கணக்கு, ப்ளாண்ட்டுக்கு ப்ளாண்ட் மாறும், ஆனா அளவு இதுதான்.

இப்ப 25 மீட்டருக்கு 12.5 மீட்டர்ல 1.2 மீட்டர் ஆழத்துல ஒரு கத்துக்கற பூல் எடுத்துக்குங்க. 3.75 லட்சம் லிட்டர். சின்னப் புள்ளைங்க இறங்கற பூலுங்கறதால தண்ணிய வேகமா சுத்தம் பண்ணணும், 4 மணி நேரத்துக்கு ஒரு சுத்து. அப்படியும் 7 கிலோவாட்ல வேலை முடிஞ்சுரும், வருஷத்துக்கு 6 லட்சம் சொச்சம். இதுல ஒரு பேட்ச்சுக்கு 30 புள்ளைங்க, மூணு மாஸ்டர், முக்கால் மணி நேரம், ஒரு நாளைக்கு 8 பேட்ச். 21 நாள் கோர்ஸ்னு வெச்சு வருஷத்துக்கு 10 கோர்ஸ் நடத்தினாலே 2,400 புள்ளைங்க. பம்ப் கரண்ட் செலவை வகுத்துப் பாருங்க, ஒரு புள்ளைக்கு 260 ரூபா கிட்டதான் வருது.

இதுக்கும் மேல ஒரு விஷயம். 2 மீட்டர் ஆழம் இருக்குற ஒலிம்பிக் பூல்ல உங்க 8 வயசுப் பையன் கால் ஊன முடியுமா? ஆறடி ஆள் நானே மூக்குக்கு மேல தண்ணி. பாதி பூல்ல சரிவு போட்டு ஒரு ஓரத்த ஆழம் கம்மி பண்ணுவாங்க, அப்படி பண்ணினா போட்டி நடத்தற தரம் போயிடும், பண்ணலைன்னா கத்துக்கறவன் இறங்க முடியாது, ஆக மொத்தம் ரெண்டுங்கெட்டான். நீச்சல் தெரியாதவங்களே அதிகமா இருக்குற ஊர்ல, ஏற்கனவே நீச்சல் தெரிஞ்சவன் மட்டும் இறங்கக்கூடிய பூலை கட்டி வெக்கறது என்ன திட்டம்னு எனக்கு இன்னும் புரியல. பெரிய பூல் ஊருக்கு நாலஞ்சு இருந்தா போதும், தாதர் சிவாஜி பார்க்ல மகாத்மா காந்தி பேர்ல இருக்கு, எங்க செம்பூர்ல ஜெனரல் அருண்குமார் வைத்யா பேர்ல இருக்கு, காந்திவிலில சர்தார் படேல் பேர்ல இருக்கு, அந்தேரி ஷாஹாஜி ராஜே ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ்ல, முலுண்ட்லன்னு இருக்கு. அதுக்கப்புறம் வந்த வரிசைல மலாட், தஹிசர், வொர்லி, கொண்டிவிட்டா, விக்ரோலி, வடாலான்னு சின்ன சைஸ்ல பிரிச்சுப் போட்டாங்க பாருங்க, என்னக் கேட்டா அந்த முடிவு சரி.

(சிவாஜி பார்க் பூல்னதும் ஞாபகம் வருது, 2023 அக்டோபர்ல அதுல ஒரு முதலைக் குட்டி நீந்திட்டு இருந்துச்சு, காலைல திறக்கறதுக்கு முன்னாடி செக் பண்ணின ஸ்டாஃப் பாத்ததால பிரச்சனை இல்லாம போச்சு. பூல் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு நடந்து பாக்கணும்னு ரூல் ஏன் இருக்குன்னு கேக்கறவங்களுக்கு நான் இதத்தான் சொல்றது.)

கடலோர ஊருக்குன்னு தனி செலவு ஒண்ணு இருக்கு, டெண்டர் போடறவங்க அத மறந்துடறாங்க, இல்ல வேணும்னே மறக்கறாங்க. உப்புக் காத்து. கடல் இல்லாத ஊர்ல 20 வருஷம் நிக்கற கம்பி இங்க அதுல பாதில துரு பிடிச்சு சிமெண்ட்ட பேத்துட்டு வெளிய வரும். கான்க்ரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456ல கடலோரக் காத்து படற கான்க்ரீட்டுக்கு எம்30 கிரேடு, கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் கவர்னு இருக்கு, கடல் சாரலே நேரா அடிக்கற இடம்னா எம்35, 50 மில்லிமீட்டர். டிராயிங்ல எல்லாரும் இத எழுதுவாங்க. சைட்டுல கம்பிய தூக்கி வெக்கற கவர் ப்ளாக் ஒழுங்கா போட்டானான்னு கான்க்ரீட் ஊத்தறதுக்கு முன்னாடி யாராவது குனிஞ்சு பாக்கணும், அது நடக்கற சைட்டு எவ்ளோன்னு நான் சொல்ல மாட்டேன். அப்புறம் ஏணி, கைப்பிடி, கவுன்டர் எல்லாம் எஸ்எஸ்னு போட்டிருப்பாங்க, 304 கிரேடு போட்டா க்ளோரினும் உப்பும் சேந்து புள்ளி புள்ளியா அரிச்சுரும், 316 போடணும், விலை அதிகம், டெண்டர்ல வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு எழுதியிருந்தா கான்ட்ராக்டர் எதைப் போடுவார்னு நீங்களே சொல்லுங்க. நான் வேலை பாத்த ஒரு இடத்துல, பேர் வேணாம், ரெண்டாவது வருஷமே ஏணி பிடுங்கிட்டு கைல வந்துருச்சு, மறுபடி டெண்டர் விட்டு வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் கயிறு கட்டி மூடி வெச்சிருந்தாங்க, அந்த சீசன் முழுக்க.

லீக்கேஜ் இன்னொரு தலைவலி. 1,250 சதுர மீட்டர் பரப்புல தண்ணி மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினா 12,500 லிட்டர் போச்சு. வெயில்ல ஆவியாகறதே ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் கிட்ட இருக்கும், அதனால "வெயில் சார்"னு சொல்லி லீக்கை மறைக்கறது ரொம்ப ஈசி. கண்டுபிடிக்க வழி இருக்கு, ஒரு பக்கெட்ல பூல் தண்ணிய ரொப்பி படிக்கட்டுல பாதி முங்கற மாதிரி வெச்சு, உள்ளயும் வெளியயும் மட்டத்துல கோடு போட்டு, 24 மணி நேரம் கழிச்சு பாத்தா போதும். பக்கெட்ல இறங்கினத விட பூல்ல அதிகமா இறங்கியிருந்தா லீக்கு. ஒரு பைசா செலவில்ல. எத்தனை பொதுப் பூல்ல இத பண்றாங்கன்னு கேட்டா மேனேஜர் முகத்தப் பாக்கணும் நீங்க.

தண்ணின்னதும் அடுத்து வர்ற ஆட்சேபணை, குடிக்கவே தண்ணி இல்ல, தாராவில குழாய்ல காலைல கொஞ்ச நேரம்தான் வருது, இதுல நீந்தறதுக்கு 25 லட்சம் லிட்டரான்னு. கோபம் புரியுது. 2016 வறட்சில ஐபிஎல் மேட்ச்சையே ஐகோர்ட் மஹாராஷ்டிராவுக்கு வெளிய அனுப்பினது ஞாபகம் இருக்கும். ஆனா நிறைய பேர் நெனைக்கற மாதிரி பூல் தண்ணிய தினமும் மாத்தறதில்ல, ஒரு தடவை ரொப்பினா ஃபில்டர் பண்ணி, க்ளோரின் 1லேருந்து 3 பிபிஎம், பிஹெச் 7.2லேருந்து 7.8க்குள்ள வெச்சு அதையே ஓட்டறோம். தினமும் ஆவியாகறது, புள்ளைங்க தெறிக்கறது, ஃபில்டரை திருப்பி அலசற பேக்வாஷ் எல்லாம் சராசரி போட்டா ஒலிம்பிக் பூலுக்கே ஒண்ணு ரெண்டு டேங்கர்தான். மும்பைக்கு ஏழு ஏரில இருந்து ஒரு நாளைக்கு 380, 390 கோடி லிட்டர் வருது, முழு பூலை முதல் தடவை ரொப்பறதே அதுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல. பேக்வாஷ் தண்ணிய க்ளோரின் போக விட்டு தோட்டத்துக்கு பாய்ச்சணும்னு டெண்டர்லயே போட்டா இன்னும் மிச்சம். தாராவி குழாய்ல தண்ணி வராததுக்கு காரணம் பூல் இல்ல, லைனும் பிரிச்சுக் குடுக்கற விதமும். அதுக்காக சண்டை போடணும், கண்டிப்பா, நானும் வரேன்.

இன்னொரு சின்ன விஷயம், பூல் பக்கம் போனா மூக்குல ஏறற வாடை க்ளோரின் அதிகம்னு நெனைச்சு "நல்லா சுத்தமா வெச்சிருக்காங்க"ன்னு சொல்லுவாங்க. தப்பு. வேர்வையும் மூத்திரமும் க்ளோரினோட சேந்து உண்டாகற க்ளோரமின் வாடை அது. வாடை தூக்கலா இருந்தா அங்க குளிக்காம இறங்கறாங்க, ஃபில்டர் சரியா ஓடலன்னு அர்த்தம். பையன சேக்கறதுக்கு முன்னாடி மோந்து பாருங்க.

இப்ப எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம், உள்ள யாரு போறாங்கங்கறது. பொதுக்காசுல கட்டின பூல்னா காலைல 6லேருந்து 10, சாயங்காலம் 6லேருந்து 9 மெம்பர்ஷிப் பேட்ச், வருஷ ஃபீஸ் மொத்தமா கட்டணும், ஆன்லைன்ல ஃபாரம், டாக்டர் சர்டிஃபிகேட். இதெல்லாம் தப்புன்னு சொல்லல. ஆனா தினக்கூலிக்கு போற ஆள், வீட்டு வேலைக்கு போற அம்மா, அவங்க புள்ளைங்களுக்கு இதுல எந்த நேரம் இருக்கு, எந்த ஃபீஸ் கட்டுப்படியாகும்? நடுப்பகல்ல 11லேருந்து 4 வரைக்கும் நிறைய பூல் பளபளன்னு காலியா கிடக்கும், பம்ப் மட்டும் ஓடிட்டு இருக்கும், கரண்ட் போயிட்டு இருக்கும். அதே நேரத்துல ஒரு கிலோமீட்டர் தள்ளி பாலிகா ஸ்கூல்ல புள்ளைங்க பிடி பீரியட்ல வராண்டால உக்காந்திருக்கும். பாலிகாவுக்கு ஆயிரத்துக்கு மேல ஸ்கூல் இருக்கு, தமிழ் மீடியம் கூட இருக்கு, பூலும் அதோடது, ஸ்கூலும் அதோடது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பஸ்ஸும் ஒரு டைம்டேபிளும்தான் வேணும். அந்த பஸ்ஸுக்கு யாரு கையெழுத்து போடறது, எஜுகேஷன் டிபார்ட்மென்ட்டா கார்டன் டிபார்ட்மென்ட்டான்னு ஃபைல் சுத்தும், அதுக்குள்ள கல்வி ஆண்டு முடிஞ்சு போயிடும்.

லேடீஸ் பேட்ச் விஷயமும் அப்படித்தான். மத்தியானம் ஒரு மணி நேரம் லேடீஸ்னு போர்டுல எழுதினா போதாது. மாஸ்டரும் லைஃப்கார்டும் பொம்பளையா இருக்கணும், பக்கத்து பில்டிங் பால்கனில இருந்து எட்டிப் பாக்க முடியாத மாதிரி மறைப்பு வேணும், முழங்கால் வரைக்கும் மூடற ஸ்விம் சூட்டுக்கு ஓகே சொல்லணும். நம்ம வீட்டு அக்காமாருங்க "எனக்கு எதுக்கு இதெல்லாம், தம்பி கத்துக்கட்டும்"னு சொல்றதுல பாதி இதனாலதான். அவங்க தண்ணிக்கு பயந்து சொல்றதா நம்ம நெனச்சுக்கறோம். தீவு மாதிரி இருக்குற ஊர்ல, 2005 ஜூலை 26ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை சாந்தாக்ரூஸ்ல பேஞ்சு கழுத்தளவு தண்ணில ஜனங்க நடந்து வந்த ஊர்ல, பாதி ஜனத்தொகைய தண்ணிய விட்டு ஒதுக்கி வெக்கறது சரியா?

இடம் எங்கன்னு கேட்டா, கடலை ஒட்டியே கட்ட முடியாது, சிஆர்இசட்னு கடலோரக் கட்டுமானத்த கட்டுப்படுத்தற ரூல் இருக்கு, மேங்க்ரோவ் (அலையாத்திக் காடு) இருந்தா அத ஒட்டி 50 மீட்டர் வரைக்கும் தொட விட மாட்டாங்க, அது சரியும்கூட. கோஸ்டல் ரோட்டுக்காக கடல மூடி 111 ஹெக்டேர் எடுத்தாங்க, அதுல 70 ஹெக்டேர் கிட்ட தோட்டம், நடைபாதை, திறந்தவெளின்னு சொல்லியிருக்காங்க, மஹாலக்ஷ்மி ரேஸ்கோர்ஸ்ல 120 ஏக்கர் பாலிகா கைக்கு வந்திருக்கு. அங்க அழகுக்கு புல்லு மட்டும் போடாம விளையாட க்ரவுண்டும் விடுங்கன்னு கேக்கலாம். ஆனா தெக்கு மும்பைல எவ்ளோ வந்தாலும் தாராவி, கோவண்டி, மான்குர்த் புள்ள அங்க தினமும் ட்ரெயின் புடிச்சு போகாது. நடந்து போற தூரத்துல இல்லாத பூலுக்கு குழந்தை ஒரு வாரம் போகும், அதுக்கப்புறம் போகாது.

கடல் விளையாட்டு பத்தியும் ஒரு வார்த்தை. கடல் வேண்டாம்னு நான் சொல்லல, நீச்சல் கத்துக்கறதுக்கு வேண்டாங்கறேன். கத்துக்கிட்டவனுக்கு கடல் மாதிரி க்ரவுண்டு எங்க கிடைக்கும். பாய்மரப் படகுப் போட்டில ஆசிய விளையாட்டுல வெண்கலம் வாங்கின விஷ்ணு சரவணன் வேலூர் பையன், ஆர்மி, ப்ராக்டீஸ் பண்றது இங்க கொலாபால இருக்குற ஆர்மியோட யாட்டிங் மையத்துலதான். நேத்ரா குமணன் சென்னைப் பொண்ணு, செய்லிங்ல ஒலிம்பிக்குக்கு தகுதி வாங்கின முதல் இந்தியப் பெண். ரெண்டு பேரும் தமிழ் ஆளுங்க, ஆனா அந்த விளையாட்டு ஆர்மி இல்லன்னா க்ளப்பு, ரெண்டுல ஒண்ணோட வாசல் வழியாத்தான் உள்ள போக முடியுது. ராயல் பாம்பே யாட் க்ளப் 1846லேருந்து இருக்கு, கோலிவாடா அதுக்கும் எத்தனையோ நூறு வருஷம் முன்னாடிலேருந்து இருக்கு, காத்தையும் ஓதத்தையும் தலைமுறையா படிச்ச புள்ளைங்களுக்கு ஒரு சின்ன பாய்மரப் படகு, அத இறக்க ஒரு சரிவு, பூட்டி வெக்க ஒரு ஷெட்டு, ஒரு ரெஸ்க்யூ போட், ஒரு கோச், இவ்ளோதான் வேணும். ஸ்டேடியம் கட்டற செலவுல ஒரு மூலை கூட ஆகாது. ஆனா கோலிகிட்ட கேட்டு செய்யணும். வொர்லில கோஸ்டல் ரோட்டு பாலத்துக்கு தூணுக்கு தூண் 60 மீட்டர்னு இவங்களா முடிவு பண்ணி, படகு போக வழியில்லன்னு அவங்க போராடி, கடைசில 120 மீட்டர்னு மாத்தினாங்க. முதல்லயே கேட்டிருந்தா அந்த சண்டையே வந்திருக்காது.

பாரிஸ்ல 1923லேருந்து சேன் நதில குளிக்கத் தடை இருந்துச்சு, சாக்கடைய நிறுத்த நூறு கோடி யூரோவுக்கு மேல போட்டு, 2025 ஜூலைல பொதுஜனத்துக்கு திறந்து விட்டாங்க. கோபன்ஹேகன் துறைமுகத்துலயும் முதல்ல கழிவுநீர சரி பண்ணிட்டு அப்புறம்தான் குளிக்கற இடம் போட்டாங்க. அதனால நீங்க கேட்ட கக்கூஸ், சாக்கடை செலவும் நான் சொல்ற நீச்சல் செலவும் எதிரெதிர் கிடையாது தம்பி, கடலோர ஊர்ல ரெண்டும் ஒரே தண்ணில போய் முடியுது. பாலிகாவோட 2025-26 பட்ஜெட் 74 ஆயிரம் கோடிக்கு மேல. ஒரு சின்ன பூலோட வருஷ பம்ப் கரண்ட் பில்லு 6 லட்சம் அதுல எந்த மூலைல கிடக்கும்னு பாருங்க. ரெண்டுல எதுன்னு நம்மள அடிச்சுக்க விடறவங்களுக்குத்தான் லாபம்.

ஊர்க்காரரா நீங்க என்ன செய்யலாம்னா, உங்க வார்டுல பூல் வருதுன்னு போர்டு வெச்சா 10 ரூபா கட்டி ஒரு ஆர்டிஐ போடுங்க, 30 நாள்ல பதில் குடுக்கணும். கட்டற செலவு கேக்காதீங்க, அது போர்டுலயே இருக்கும். ஆழம் எவ்ளோ, மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் எத்தனை வருஷத்துக்கு, கட்டினவனே பாக்கறானா வேற ஆளா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பாலிகா ஸ்கூல் புள்ளைங்களுக்கு, லைஃப்கார்டு எத்தனை பேர் அதுல பொம்பளைங்க எத்தனை, இதெல்லாம் கேளுங்க. நாலு பேர் கேட்டாலே ஆஃபீஸ்ல அந்த ஃபைல்ல ஒரு பக்கம் கூடும்.

உங்க பையனுக்கு, தாராவில இருந்து சிவாஜி பார்க் பூல் பக்கம், வடாலாவும் தூரமில்ல. லீவுல ஏப்ரல், மே மாசத்துல 21 நாள் பேட்ச் போடுவாங்க, சீட்டு சீக்கிரம் ரொம்பிடும், மார்ச் பாதில இருந்தே பாலிகா வெப்சைட்ட பாத்துட்டே இருங்க. முதல் நாளே போய் ஆழம் கம்மியான பக்கம் இருக்கா, ஒரு மாஸ்டருக்கு எத்தனை புள்ளைங்கன்னு கேளுங்க, பத்துக்கு மேலன்னா வேற பேட்ச் பாருங்க. கேப்பும் கண்ணாடியும் பூல் வாசல்ல வாங்காதீங்க, ரெண்டு மடங்கு சொல்லுவான், தாதர் ஸ்டேஷன் பக்கத்துல வாங்கிக்கலாம்.